தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு பயணம்: முதுகுளத்தூர், கமுதி பக்கம் முதல்முறை போகிறவர்களுக்கு

நகரத்தில் பிறந்து வளர்ந்து, கிராமம் என்றால் பொங்கலுக்குப் போய்வரும் தாத்தா வீடு மட்டுமே என்று இருந்தவர்கள், படிப்பு முடித்துத் தொண்டு நிறுவன வேலைக்காக ஊர்ப்பக்கம் போகிறவர்கள், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று பையைத் தூக்குகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இடம், ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதி. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, சாயல்குடி வட்டாரம். ராமேசுவரம் போகிற கூட்டம் இந்தப் பக்கம் திரும்பாது. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று அரசு ஊழியரை மிரட்டுவார்களே, அந்தக் காடு இதுதான் என்று இங்குள்ளவர்களே சொல்வார்கள்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போய்வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். ‘பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்’ என்பது ஒன்று. ‘ஒன்றுமே இல்லாவிட்டாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஊருக்குப் போகாமலே சொல்லலாம். பார்வை உண்மையிலேயே மாறுவது, அந்த வீடுகளின் கணக்கு புரியும்போதுதான். காசு எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் வராது, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தண்ணீருக்குப் போகிறது, யாருக்கு யார் கடன் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதைப் பார்க்க வசதியாகத்தான் கீழே உள்ளவற்றை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதலில், ஒரு ஊரைத் தேர்ந்துகொள்ளுங்கள்

பத்து ஊர்களைச் சுற்றிவர ஆசை வரும். வேண்டாம். காரில் வந்து ஊருக்கு அரைமணி நேரம் நின்று பார்த்தால் எல்லா ஊரும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கருவேலங்காடு, காய்ந்த கண்மாய் (பாசன ஏரி), ஒரு கோயில், ஒரு டீக்கடை. ஒரே ஊருக்கு நாலைந்து நாள் தொடர்ந்து போங்கள். இரண்டாவது நாள் டீக்கடைக்காரர் உங்களைப் பார்த்துத் தலையாட்டுவார், மூன்றாவது நாள் யாராவது தானாக வந்து பேசுவார்கள். உருப்படியான பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

ஊரை எப்படித் தேர்வது? தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் ஊர்தான் நல்லது. உங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவரோ, டீக்கடை நடத்துகிறவரோ, கட்டட வேலைக்கு வருகிறவரோ இந்தப் பக்கத்துக்காரராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சென்னை, திருப்பூர், கோவை என்று இந்த மாவட்டத்துக்காரர்கள் போகாத ஊரில்லை. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களும் ஏராளம். ‘அண்ணே, உங்க ஊரைப் பார்க்கணும்னு இருக்கேன், அங்க யாரைப் பார்க்கலாம்?’ என்று அவரிடமே கேளுங்கள். அவர் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல நாள் பார்த்துப் பழகிய ஒரு மனிதர் எங்கிருந்து, ஏன் கிளம்பி வந்தார் என்ற கேள்வியும் உங்களுக்கு அங்கேயே தொடங்கிவிடும்.

எந்த மாதம்

மாதத்தைப் பொறுத்து நீங்கள் பார்க்கிற ஊரே வேறாகிவிடும் என்பதால் இதை நிதானமாக யோசியுங்கள்.

ஆவணி, புரட்டாசியில் போனால் புழுதி விதைப்பு பார்க்கலாம். மழை வருவதற்கு முன்பே, காய்ந்த மண்ணை உழுது நெல்லை விதைத்துவிடுவார்கள். விதை புழுதிக்குள்ளேயே கிடக்கும். மழை வந்தால் முளைக்கும், தள்ளிப்போனால் மறுபடி விதைக்க வேண்டும். விதைநெல், உழவுக்கூலி, உரம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டிய மாதங்கள் இவை. ஆனால் கையில் காசு இல்லாத மாதங்களும் இவைதான். காதில் கிடக்கும் தோடு புரட்டாசியில் அடகுக்குப் போய், விளைந்தால் மாசியில் வீடு திரும்பும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். நன்றாகப் பெய்த வருடத்தில் இந்த வட்டாரத்தைப் பார்த்தால் வறண்ட மாவட்டம் என்று சொன்னவரைத் தேடிப் போய்ச் சண்டை போடத் தோன்றும். அவ்வளவு பச்சை. கண்மாய்களில் பறவைகள் வந்து இறங்கும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டுமே முதுகுளத்தூருக்குப் பக்கம்தான். தை, மாசியில் நெல் அறுப்பு. மாசி முதல் சித்திரை வரை மிளகாய் பழமெடுப்பும் காய வைப்பும். பங்குனிக்குப் பிறகு வெயிலும், கருவேலங்கட்டையை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டமும். சாயல்குடிப் பக்கம் பனையேறும் பருவமும் அதுதான்.

முதல்தடவை போகிறவர்களுக்கு மாசி, பங்குனியைச் சொல்வேன். வேலை நடந்துகொண்டிருக்கும், வெயில் இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வெளியூர்க்காரர்களெல்லாம் ஊருக்கு வருவார்கள். அவர்களோடு பேசினால் ஊரின் மறுபாதிக் கதை கிடைக்கும்.

இரண்டு தேதிகளைத் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இந்த நாள்களை ஒட்டி மாவட்டம் முழுக்கப் போலீஸ் காவல், தடையுத்தரவு, வாகனங்களுக்குக் கட்டுப்பாடு என்று இருக்கும். 1957-ல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தின் நினைவு இன்னும் ஆறாத மண் இது. முதல்முறை போகிறவர் அந்த வாரங்களில் போய் நிற்க வேண்டியதில்லை.

போவதும் தங்குவதும்

சென்னையிலிருந்து ராமேசுவரம் போகும் இரவு ரயிலில் ஏறி பரமக்குடியில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து முதுகுளத்தூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மதுரை வழியாக வந்தால் முதுகுளத்தூர், கமுதி இரண்டுக்கும் பேருந்து உண்டு. தங்குவதற்குப் பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ சாதாரண லாட்ஜ் கிடைக்கும். தெரிந்தவர் கூப்பிட்டாலொழிய கிராமத்தில் ராத்திரி தங்கத் திட்டம் போடாதீர்கள். ஒரு விருந்தாளி தங்கினால் அந்த வீட்டில் கோழி அடிப்பார்கள், குடத்துத் தண்ணீரைக் குளிக்கக் கொடுப்பார்கள். அது அவர்களுக்கு என்ன செலவு என்பது உங்களுக்கு அப்போது தெரியாது.

சிற்றூர்களுக்கு டவுன்பஸ், மினிபஸ்தான். எத்தனை மணிக்குக் கடைசி வண்டி என்பதைப் போகும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில ஊர்களுக்குச் சாயங்காலத்தோடு சரி. முடிந்தவரை காரையும் பைக்கையும் தவிருங்கள். ஒரு பேருந்துக்காக ஒன்றரை மணி நேரம் வேப்பமர நிழலில் காத்திருந்தால்தான், ஆஸ்பத்திரிக்குப் போக இங்கே ஒரு முழுநாள் ஏன் ஆகிறது என்று தெரியும். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காலை வண்டியில் கூடையோடும் சாப்பாட்டுத் தூக்கோடும் ஏறுகிற பெண்களிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். முன்பு ஒரு நாள் கூலியில் எவ்வளவு டிக்கெட்டுக்குப் போனது என்று காசுக்கணக்காகச் சொல்வார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: துண்டு, தொப்பி அல்லது குடை, இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், டார்ச், சில்லறை நோட்டுகள். டீக்கடையில்கூட போனில் பணம் அனுப்பலாம் என்றாலும் எல்லா ஊரிலும் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். செருப்பை விட ஷூ நல்லது. கருவேல முள் செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும்.

இறங்கியதும் என்ன செய்வது

டீக்கடைக்குப் போய் உட்காருங்கள். நீங்கள் பேச ஆரம்பிக்க வேண்டியதே இல்லை. ‘எந்த ஊருப்பா? யாரு வீட்டுக்கு வந்துருக்க?’ என்று அவர்களே கேட்பார்கள். இதற்கு நேரான பதில் சொல்லுங்கள். ‘இன்னார் சொல்லி வந்தேன், ஊரையும் கண்மாயையும் பார்க்கணும், விவசாயம் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்’ என்றால் போதும். ‘ஆய்வு’, ‘சர்வே’ என்று சொன்னால் ஏதோ திட்டம் வரப்போகிறது, பெயர் எழுதுகிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். ஆதார் அட்டையோடு ஆள் வந்து நிற்கும். வராத திட்டத்துக்கு ஆசைகாட்டியவராக ஆகிவிடாதீர்கள்.

வயதில் பெரியவர்களை ஐயா, ஆத்தா, அப்பத்தா என்று கூப்பிடுங்கள். மற்றவர்களுக்கு அண்ணே, அக்கா. நீங்கள் பெண்ணாக இருந்தால் டீக்கடையை விட ஊருணிக்கரை (குடிநீர்க் குளத்தின் கரை), ரேஷன் கடை, அங்கன்வாடி, நூறு நாள் வேலைத்தளம் ஆகிய இடங்களில்தான் பேச்சு நன்றாக நடக்கும். ஆண்களுக்குக் கிடைக்காத பேச்சு அங்கே உங்களுக்குக் கிடைக்கும்.

இரண்டாவது கேள்வி, சுற்றிவளைத்து, நீங்கள் என்ன ஆள் என்பதாக இருக்கும். ‘ஊருல எந்தத் தெரு?’, ‘குலசாமி எது?’ என்று வரும். சாதியைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ‘மெட்ராஸ்லயே பொறந்து வளந்துட்டேண்ணே’ என்று சிரித்துக்கொண்டே நகருங்கள். ஆனால் ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். ஊர் என்று ஒரு பகுதியும் காலனி என்று தலித் மக்கள் வாழும் ஒரு பகுதியும் தனித்தனியாக இருக்கும். இரண்டுக்கும் போங்கள், இரண்டு இடத்திலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். குழாய் எந்தப் பக்கம் முதலில் வந்தது, சாலை எதுவரை போடப்பட்டிருக்கிறது, கண்மாய்ப் பாசனத்தில் நிலம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். ‘ஏழைக் கிராமம்’ என்று நாம் மொத்தமாகச் சொல்கிற இடத்துக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது இந்த நடையில் தெரிந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு சாதித் தலைவர்களைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லாதீர்கள்.

கண்மாய்க்கரையில் ஒரு காலை

முதல்நாள் காலையிலேயே கண்மாய்க்குப் போய்விடுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது கூட வந்தால் நல்லது. அவருக்கும் பிடிக்கும், கண்மாயைப் பற்றிக் கேட்டால் பேசாத ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை.

இந்த மாவட்டத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது சுமார் 600 மில்லிமீட்டர்தான். அப்படியென்றால் இங்கே பஞ்சம் ஏன்? மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையின் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிடும். நிலம் தட்டை, வெயில் கடுமை, பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்தச் சில நாள் மழையைப் பிடித்துவைக்கத்தான் முன்னோர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்கிற உபரிநீர் வழியாக மிச்சம் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. வருசநாட்டு மலையில் பிறந்து வரும் வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குள் போய்த்தான் சேர்கிறது.

கூட வருகிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) எங்கே இருக்கிறது, இப்போது தண்ணீர் அதில் வருகிறதா? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை மொத்தம் எத்தனை, அதில் எத்தனை வேலை செய்கிறது? கடைசியாகக் கலுங்கு பாய்ந்தது எந்த வருடம்? வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சி இன்னும் இருக்கிறாரா, அவருக்கு என்ன கொடுக்கிறார்கள்? கண்மாயின் உள்வாயில் (தண்ணீர் தேங்கும் உட்பகுதியில்) கருவேலமரம் யாருக்கு ஏலம் போகிறது, அந்தப் பணம் எங்கே போகிறது?

கலுங்கு பாய்ந்த வருடத்தைக் கேட்கும்போது முகத்தைப் பாருங்கள். வருடத்தை அவர்கள் காலண்டரில் தேடமாட்டார்கள். ‘மூத்தவ கல்யாணம் நடந்துச்சுல்ல, அந்த வருசம்’ என்பார்கள். கலுங்கு பாய்ந்த வருடம் நெல் வந்திருக்கும், நெல் வந்த வருடம் கல்யாணம் நடந்திருக்கும். மேலேயிருக்கும் ஒரு வரத்துக்கால் தூர்ந்துபோனால் கீழே இருக்கிற ஊரில் ஒரு பெண்ணின் கல்யாணம் தள்ளிப்போகும். ‘இந்த மக்கள் ஏன் முன்னேறவில்லை’ என்ற கேள்வியோடு வந்தவர்கள் அந்தக் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டிய இடம் இது. சோம்பல், அறியாமை, குடி என்று நகரத்தில் நாம் அடுக்கும் காரணங்களுக்குள் இந்த வரத்துக்கால் ஒருநாளும் வருவதில்லை.

நேரமிருந்தால் ஒருநாள் ராஜசிங்கமங்கலம் போய்வாருங்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று வழக்கில் பெயர்பெற்ற பெரிய கண்மாய் அங்கே இருக்கிறது. ஒரு நாரை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே மூச்சில் பறக்க முடியாத அளவு பெரிது என்று பொருள். கரையில் நின்றால் இதை வெட்டியவர்களின் அறிவு தானாகத் தெரியும்.

குடங்களின் பின்னால்

அடுத்த நாள் விடியற்காலையில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, தண்ணீர் எடுக்கப் போகிறவர்களோடு சேர்ந்து போங்கள். வேடிக்கை பார்க்க வேண்டாம், வண்டி தள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தண்ணீர் வண்டி நிற்கும். இரும்புச் சட்டத்தில் குடம் உட்காரும் அளவுக்கு வளையங்கள் வைத்து, அடியில் சக்கரம் மாட்டி, உள்ளூர்ப் பட்டறையில் செய்தது. காலிக் குடங்களோடு போகும்போது கடகடவென்று ஓடும். நிறைந்த குடங்களோடு மண்பாதையில் தள்ளும்போது மேட்டில் இரண்டு பேர் வேண்டும். திருச்சியிலிருந்து வரும் காவிரி கூட்டுக் குடிநீர் பல ஊர்களுக்கு எட்டியிருக்கிறது. ஆனால் குழாய் இருப்பது வேறு, அதில் தண்ணீர் வருவது வேறு. வாரத்தில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வராத நாளில் லாரியிலும் டிராக்டரிலும் வருகிற தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள். குடம் என்ன விலை என்று கேட்டு, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று கேட்டு, மாதத்துக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டு மாதத் தண்ணீர்ச் செலவோடு ஒப்பிடுங்கள். குறைவாகச் சம்பாதிக்கிறவர்கள் தண்ணீருக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கோடை முற்றிவிட்டால் ஊற்றுத் தோண்டுவதைப் பார்க்கலாம். கடலாடி, சாயல்குடிப் பக்கம் காய்ந்த ஓடை மணலில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி இருக்கும். ஒரு பெண் உள்ளே குனிந்து, சிரட்டையால் தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றுவார். நாலைந்து சிரட்டை அள்ளியதும் அடி கலங்கிவிடும். நிறுத்திவிடுவார். மணல் படிந்து தண்ணீர் தெளியும்வரை குழியின் ஓரத்தில் கையை ஊன்றியபடி அப்படியே இருப்பார். மறுபடி நாலு சிரட்டை. குடத்தின் வாயில் கட்டியிருக்கும் துணி மணலைப் பிடிக்கும். ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். பின்னால் எத்தனை பேர் குடத்தோடு காத்திருக்கிறார்கள் என்றும் எண்ணுங்கள். இந்த நேரத்தை யாரும் வேலை என்று சொல்வதில்லை, இதற்குக் கூலியும் கிடையாது. ‘பெண்கள் ஏன் வேலைக்குப் போகக்கூடாது, ஏன் சுயதொழில் செய்யக்கூடாது’ என்று பயிற்சி வகுப்பில் கேட்கிறவர்கள் இந்தக் குழியருகே ஒருமுறை நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். வாய் கொப்பளிக்க, கால் கழுவ என்று கேட்காதீர்கள். சொம்பில் மிச்சம் இருந்தால் கீழே ஊற்றிவிடாதீர்கள். அருகில் இருக்கும் செடிக்கோ ஆட்டுக்கோ அதை வைப்பார்கள்.

கரி, மிளகாய், நூறு நாள் வேலை

பேருந்தில் வரும்போது இரண்டு பக்கமும் பார்த்த மரம் சீமைக்கருவேலம். கண்மாய்களையும் தரிசையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். நகரத்தில் இருந்து பார்த்தால் இது ஒழிக்க வேண்டிய சனியன். ஊரில் கேளுங்கள், இரண்டு பேச்சும் பேசுவார்கள். கண்மாயைக் கெடுத்தது இதுதான், மழை பொய்த்த வருடத்தில் அடுப்பெரித்ததும் இதுதான். மழை இல்லாமலும் வளர்கிற ஒரே பயிர் என்று விவசாயியே சொல்லக் கேட்கலாம்.

கரிமூட்டம் பார்க்கப் போனால் காலையில் போங்கள். வெட்டிய கட்டைகளை அடுக்கி, வைக்கோல், தழை போட்டு மூடி, மேலே ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். பல நாள் உள்ளுக்குள்ளேயே புகையும். எங்காவது மண் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும். அதனால் ராத்திரியிலும் ஆள் காவல் இருந்து விரிசலுக்கு மண் அப்ப வேண்டும். புகை கண்ணைக் கரிக்கும், நெடி துணியை விட்டுப் போகாது. முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு வந்து தங்கி இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடனைக் காட்டி வெளியே விடாமல் வைத்திருப்பதாகத் தெரிந்தால் நீங்கள் அங்கே சண்டை போடாதீர்கள், அது அவர்களுக்கே ஆபத்து. கொத்தடிமை முறை 1976-ம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோட்டாட்சியரிடமோ ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்தில் கொடுங்கள். குழந்தைகள் வேலை செய்வதைப் பார்த்தால் 1098-க்கு அழையுங்கள்.

மிளகாய்க்காடு அதற்கு நேர்மாறான காட்சி. உருண்டையான முண்டு மிளகாய் களம் நிறையச் சிவப்பாகக் காயும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழமெடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். கை எரிச்சல் பற்றி அவர்களிடமே கேளுங்கள். விவசாயியிடம் கேட்க வேண்டியது, மிளகாயை எங்கே போடுகிறார் என்பது. விதைப்புக் காலத்தில் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் அறுவடையில் சரக்கு அங்கேதான் போக வேண்டும், விலை ஏறும்வரை வைத்திருக்கவும் முடியாது. புரட்டாசியில் காசு இல்லாததால் பங்குனியில் விலை பேச முடியாமல் போகிறது. இதை ஒரு விவசாயி வாயால் கேட்ட பிறகு ‘நிதி மேலாண்மை தெரியாதவர்கள்’ என்று யாரையும் சொல்ல மனம் வராது.

நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் வயதான பெண்களே அதிகம். 2005-ம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தால் வந்த வேலை. கூலி வங்கிக் கணக்கில் ஏறச் சில சமயம் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆத்தாவிடம், மகன் சென்னையில் இருக்கிறானே, அவனோடு போய் இருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் சொன்னது:

‘கூப்பிடத்தான் செய்யிறான். இங்கன எனக்கு ரேசன் அரிசி வருது, நாலு ஆடு நிக்கிது. அங்க போனா அவன் சம்பளத்துல இன்னொரு வாய். இந்தா இந்தக் கெடா இருக்குல்ல, இது பேத்தி பள்ளிக்கூடத்துக்கு.’

பாசத்தையும் பிரிவையும் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த எனக்கு ஒரு குடும்ப பட்ஜெட் கிடைத்தது. மகனுக்கு வாடகை மிச்சம், தனக்கு இலவச அரிசி, ஜூன் மாதத்துக்கு ஒரு கிடா. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது என்பதை ‘இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்று நகரத்தில் பேசுகிறவர்கள் உண்டு. அந்த அரிசி ஒரு கிழவியை யாருக்கும் பாரமாகாமல் தன் வீட்டிலேயே நிமிர்ந்து இருக்க வைக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஒருநாள், தலைமையாசிரியரின் அனுமதியோடு, காலை எட்டரை மணிக்குப் போய்ப்பாருங்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்ன செய்கிறது என்பது தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். அவர்களின் அம்மாக்கள் அந்நேரம் வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

கமுதி அருகே 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் பலகைகள். அது நல்லதா கெட்டதா என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். நிலத்தை விற்றவர், விற்காதவர், ஆடு மேய்க்கிறவர் மூவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். மூன்று பதில் வரும்.

காசு, பண்டம், படம்

பிள்ளைகளுக்குச் சாக்லேட், பேனா, பத்து ரூபாய் கொடுக்காதீர்கள். அடுத்து வருகிற ஒவ்வொருவரிடமும் கை நீட்டப் பழக்கிவிடுவீர்கள், பெற்றோருக்கும் அது அவமானம். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். கையில் காசைத் திணிக்காமல், அடுத்தமுறை போகும்போது பழமோ மிக்சரோ வாங்கிப் போங்கள், அதுதான் முறை. காசு செலவழிக்க வேண்டும் என்றால் விலை கொடுத்து வாங்குங்கள். காட்டிலேயே மிளகாய் வாங்கலாம், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி வாங்கலாம். கருப்பட்டியைப் பனையேறுகிறவர் வீட்டிலேயே வாங்குங்கள், சீனி கலந்தது கடைகளில் நிறைய ஓடுகிறது. பேரம் பேசாதீர்கள்.

படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், ‘இரு, சேலை மாத்திட்டு வாரேன்’ என்பார்கள். அந்தப் படத்தையே எடுங்கள். கிழிசலும் அழுக்குமாக எடுத்தால்தான் உண்மை என்று நமக்குத் தோன்றுகிறது, ஆனால் நம் கல்யாண ஆல்பத்தில் நாம் அப்படியா நின்றோம்? எடுத்த படத்தை அச்சுப்போட்டு அனுப்புங்கள். சின்னப் பிள்ளைகளின் முகத்தை இணையத்தில் போடவே வேண்டாம்.

ராத்திரி நோட்டு, திரும்பிய பிறகு

தினமும் லாட்ஜுக்கு வந்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள். எனக்கு எப்படி இருந்தது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் அன்று கேட்ட விலைகள், நேரங்கள், தூரங்கள், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று எழுதுங்கள். மூன்று நாள் எழுதினால் எதைக் கேட்காமல் விட்டோம் என்பது பக்கத்திலேயே தெரியும். மறுநாள் அதைக் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். பழைய துணி மூட்டை கட்டாதீர்கள், யாருக்கும் வேண்டியிருக்காது. ஊர்க்காரர்களே ஒரு கண்மாயின் வரத்துக்காலைத் தூர்வார மனுக் கொடுத்து அலைந்துகொண்டிருந்தால் அவர்களுக்கு எழுத உதவுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். மிளகாய் மொத்தமாக வாங்க உங்கள் அடுக்ககத்தில் நாலு வீடு சேருமா என்று பாருங்கள். உங்கள் தெருவில் வேலை செய்கிற அந்த ஊர்க்காரரிடம் போய், ஊரைப் பார்த்தேன், கண்மாயில் இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவே உங்களுக்கு ஒருமணி நேரம் ஆகும்.

அப்புறம் இரண்டாவது பயணத்துக்கு எதிர்ப் பருவத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பங்குனியில் போனவர்கள் கார்த்திகையில் அதே ஊருக்கு, அதே கண்மாய்க்கரைக்குப் போங்கள். மழைக்காலத்தில் மண்பாதைகளில் மினிபஸ் வராமல் போகலாம், அதனால் முதல்நாளே போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.